சர்வரும் பிரவுசரும் ஒரே கேஷைப் பகிர முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். சர்வரிலும் பிரவுசரிலும் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட், இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டரில் கேஷ் (ஒருதடவை எடுத்த டேட்டாவை மறுபடி எடுக்காமல் இருக்க வைத்திருக்கும் இடம்) மாட்யூல் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு மேப், அதாவது கீ கொடுத்தால் மதிப்பைத் தரும் ஆப்ஜெக்ட். சர்வர், ஒரு பக்கத்தை ரெண்டர் செய்யும்போது (எச்டிஎம்எல்லாக உருவாக்கும்போது), டேட்டாபேஸிலிருந்து எடுத்ததை அந்த மேப்பில் போட்டு வைக்கிறது. பிரவுசரில் அதே மாட்யூலை இம்போர்ட் செய்து பார்த்தால் காலியாக இருக்கிறது, அதனால் பக்கம் திறந்தவுடனே அதே டேட்டாவை மறுபடி சர்வரிடம் கேட்கிறது. இந்த இரண்டையும் எப்படி ஒரே கேஷாக ஆக்குவது?

ஆக்க முடியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடியும் என்று நினைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் கிடைக்கிற பாதி வழிகள் ஆபத்தான இடத்தில்தான் கொண்டுபோய் விடும். ஃபைல் ஒன்றுதான், ஆனால் அது இரண்டு மெஷினில், இரண்டு பிராசஸில், தனித்தனியாக ஓடுகிறது. சர்வரில் ஒரு மாட்யூல் முதல்முறை இம்போர்ட் ஆகும்போது ஒருதடவை ஓடும், அப்போது உருவான மேப் அந்த பிராசஸ் நிற்கும் வரை இருக்கும், இடையில் வருகிற அத்தனை பேருடைய ரிக்வெஸ்டும் அதே மேப்பைத்தான் தொடும். பிரவுசரில் ஒரு டேபுக்கு ஒரு மேப், ரீலோட் செய்தால் போய்விடும், அதைத் தொடுவது ஒரே ஆள். ஆக, வேறாக இருப்பது இடம் மட்டும் இல்லை, ஆயுளும் வேறு, யாருடைய டேட்டா உள்ளே இருக்கிறது என்பதும் வேறு. இந்த மூன்றாவதுதான் முக்கியம், அதற்குக் கீழே வருகிறேன்.

ஷேர்டு அரே பஃபர் என்று ஒன்று இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். அது ஒரு பக்கமும் அதன் வொர்க்கர்களும் (பின்னணியில் ஓடும் தனி த்ரெட்டுகளும்) தங்களுக்குள் மெமரியைப் பகிர்ந்துகொள்வதற்கு மட்டும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பிரவுசர்கள் அதையே நிறுத்தி வைத்தன, பிறகு தன்னை மற்ற தளங்களிலிருந்து தனிமைப்படுத்தும் கிராஸ் ஆரிஜின் ஐசொலேஷன் ஹெடர்களை அனுப்பும் பக்கங்களுக்கு மட்டும் திரும்பக் கொடுத்தன. நெட்வொர்க்கைத் தாண்டி மெமரியைப் பகிர வெப்பில் வழி எதுவும் இல்லை.

இன்னொன்று, சர்வர் என்று ஒருமையில் சொல்கிறோமே, அதுவே பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. நோட் ஜேஎஸ்ஸை (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) கிளஸ்டர் முறையில், அதாவது பல பிராசஸாக, ஓட்டினால் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி மேப். சர்வர்லெஸ் (தேவைப்படும்போது மட்டும் கிளவுட் நிரலை ஓட்டும் முறை) என்றால் ஒரு இன்ஸ்டன்ஸ் அடுத்த ரிக்வெஸ்டுக்கும் உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரியாக்ட் மேல் கட்டிய ஃப்ரேம்வொர்க்கான நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் ஆப் ரவுட்டரில் சர்வர் காம்பொனென்டுகளும் கிளையன்ட் காம்பொனென்டுகளும் ஒரே சர்வரில் ரெண்டர் ஆனாலும் தனித்தனி பண்டிலாகத் தொகுக்கப்படுவதால் ஒரே மாட்யூலுக்கு இரண்டு பிரதிகள் உருவாகலாம். டெவலப்மென்டில் ஹாட் ரீலோட் (நிரலை மாற்றியதும் தானே புதுப்பிப்பது) நடக்கும்போதெல்லாம் மாட்யூல் புதிதாக ஓடுவதால்தான் டேட்டாபேஸ் கிளையன்டை குளோபல் ஆப்ஜெக்டில் ஒட்டி வைக்கும் வழக்கமே வந்தது. எனவே "ஒரே ஒரு மேப்" என்ற எண்ணத்தை சர்வருக்குள்ளேயே கூட நம்ப வேண்டாம்.

சரி, அப்படியென்றால் எதைத்தான் பகிர முடியும்? இரண்டு விஷயம். ஒன்று, கேஷைக் கையாளும் கோடு, அதாவது நிரல்: கீ எப்படி அமைக்கிறோம், எவ்வளவு நேரம் புதிது என்று எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் எங்கே போய்க் கேட்கிறோம் என்பதெல்லாம். இரண்டு, இந்தக் குறிப்பிட்ட ரிக்வெஸ்டுக்காக சர்வர் சேர்த்த டேட்டாவின் நகல். அந்த நகலை எச்டிஎம்எல்லோடு சேர்த்து அனுப்ப வேண்டும், பிரவுசர் தன்னுடைய கேஷை அதிலிருந்து நிரப்பிக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். டேட்டாவை எடுத்து கேஷ் செய்யும் லைப்ரரியான டேன்ஸ்டாக் க்வெரியில் நகலை அனுப்பத் தயாராக்குவதை டீஹைட்ரேட் என்றும் அதிலிருந்து நிரப்புவதை ஹைட்ரேட் என்றும் சொல்கிறார்கள், அதுபோன்ற லைப்ரரிகளான அப்பல்லோ கிளையன்டில் எக்ஸ்ட்ராக்ட், ரெஸ்டோர், ரிடக்ஸில் பிரீலோடட் ஸ்டேட். பெயர் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான், ஒருதடவை, ஒரு திசையில், ஒரு நகல் கைமாறுகிறது. அதற்கப்புறம் இரண்டு கேஷுக்கும் எந்த உறவும் கிடையாது.

இப்போது ஆபத்தான பகுதி. உங்கள் மாட்யூலில் மேப் மேல்மட்டத்தில் இருக்கிறது. பிரவுசரில் அது முழுக்கச் சரி. சர்வரில் அது எல்லாருக்கும் பொது. "நடப்புப் பயனர்" என்று ஒரு கீ வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பயனரின் ரிக்வெஸ்ட் வருகிறது, அவர் விவரம் அந்தக் கீயில் ஏறுகிறது, அடுத்து அவருடைய ஆர்டர்களுக்காக டேட்டாபேஸைக் கேட்டு அவெய்ட்டில், அதாவது பதிலுக்காகக் காத்து, நிற்கிறது. நோட் ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறது, ஆனால் அவெய்ட் வந்த இடத்தில் அது அடுத்த வேலைக்குப் போய்விடும். இரண்டாவது பயனரின் ரிக்வெஸ்ட் உள்ளே வருகிறது, அதே கீயில் அவர் விவரம் ஏறுகிறது. முதல் ரிக்வெஸ்ட் மீண்டும் தொடரும்போது "நடப்புப் பயனர்" யார் என்று பார்த்தால் இரண்டாவது ஆள். பெயர், முகவரி, ஆர்டர் எல்லாம் கலந்து எச்டிஎம்எல்லாகி வெளியே போய்விடும்.

ரிக்வெஸ்ட் தொடங்கும்போதே கேஷைக் காலி செய்துவிட்டால் போதாதா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போதாது, மேலே சொன்ன வரிசையையே பாருங்கள், இரண்டாவது ரிக்வெஸ்ட் காலி செய்யும்போது முதலாவது பாதி வழியில் நிற்கிறது. டெவலப்மென்டில் இது ஒருபோதும் கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே பயனர் நீங்கள் ஒருவர்தான், ரிக்வெஸ்டும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும். கூட்டம் ஏறும்போதுதான் வெளிப்படும், அதுவும் எப்போதாவது ஒருதடவை, ரீலோட் செய்தால் மறைந்துவிடும், யாராலும் திரும்ப நிகழ்த்திக் காட்ட முடியாது. வியூ ஃப்ரேம்வொர்க்கின் எஸ்எஸ்ஆர் (பக்கத்தை சர்வரிலேயே ரெண்டர் செய்வது) வழிகாட்டியில் கிராஸ் ரிக்வெஸ்ட் ஸ்டேட் பொல்யூஷன் (ஒரு ரிக்வெஸ்டின் டேட்டா இன்னொன்றில் கலப்பது) என்று தனித் தலைப்பே போட்டு எச்சரித்திருக்கிறார்கள், வியூ மேல் கட்டிய நக்ஸ்டின் ஆவணத்திலும் செட்டப்புக்கு (காம்பொனென்டின் தொடக்க ஃபங்ஷனுக்கு) வெளியே ரெஃப் (மாறும் மதிப்பைத் தாங்குவது) வைக்காதே என்று எழுதியிருக்கிறது. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு வேறொருவரின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தது நினைவிருக்கலாம். அதற்குக் காரணம் மாட்யூல் கேஷ் அல்ல, ரெடிஸ் (பல பிராசஸ்கள் பகிரும் வெளி டேட்டா ஸ்டோர்) கிளையன்ட் லைப்ரரியில் இருந்த ஒரு பிழை, பாதியில் ரத்தான ரிக்வெஸ்டின் பதில் பொதுவான கனெக்ஷனில் தங்கி அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பிழையின் வடிவம் இதேதான், பல பேர் தொடுகிற ஒரு பொருளில் ஒருவருடைய டேட்டா தங்கிவிட்டது.

தீர்வு எளிது. மாட்யூல் மேப்பை ஏற்றுமதி செய்யக் கூடாது, மேப்பை உருவாக்கித் தருகிற ஃபங்ஷனை ஏற்றுமதி செய்ய வேண்டும். சர்வரில் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் அதை அழைத்துப் புதிய கேஷ் எடுங்கள், பதில் போனதும் அதை மறந்துவிடுங்கள், கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளும். பிரவுசரில் ஒருதடவை அழைத்து அந்த ஒன்றையே டேப் மூடும் வரை வைத்துக்கொள்ளுங்கள். டேன்ஸ்டாக் க்வெரியும் இதையே செய்யச் சொல்கிறது: சர்வர் என்றால் எப்போதும் புதிய க்வெரி கிளையன்ட், பிரவுசர் என்றால் ஏற்கெனவே இருப்பது. அந்த கேஷை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கைமாற்றிக்கொண்டே போவது சலிப்பாக இருந்தால் நோட்டில் அசிங்க் லோக்கல் ஸ்டோரேஜ் இருக்கிறது, 16.4லிருந்து நிலையான ஏபிஐ, ரிக்வெஸ்ட் தொடங்கும் இடத்தில் கேஷை அதில் வைத்தால் அவெய்ட்டுகளைத் தாண்டியும் அந்தந்த ரிக்வெஸ்டுக்கு அதனதன் கேஷ் கிடைக்கும். ரியாக்ட் சர்வர் காம்பொனென்டுகளில் எழுதுகிறீர்கள் என்றால் ரியாக்டின் கேஷ் ஃபங்ஷன் இதை இயல்பாகவே ரிக்வெஸ்ட் அளவில் செய்கிறது.

அப்படியானால் சர்வரில் எல்லாருக்கும் பொதுவான கேஷே கூடாதா? தாராளமாக வைக்கலாம், ஆனால் அது வேறு கேஷ், வேறு பெயர், வேறு ஃபைல். நான் பார்க்கிற கேள்வி ஒன்றே ஒன்று: யார் கேட்டாலும் இதே பதில்தானா? தயாரிப்புப் பட்டியல், நாடுகளின் பட்டியல், தள அமைப்புகள் என்றால் ஆமாம், அவை பிராசஸ் அளவில் இருக்கட்டும். குக்கியைப் பார்த்தோ லாகின் ஆனவரைப் பார்த்தோ பதில் ஒரு துளி மாறினாலும் அது ரிக்வெஸ்ட் அளவுக்குத்தான் போக வேண்டும். பயனர் எண்ணைக் கீயில் சேர்த்துவிட்டால் பொது கேஷிலேயே வைக்கலாமே என்று வாதிடலாம், தொழில்நுட்ப ரீதியாக அது சரிதான், ஆனால் பின்னால் யாரோ ஒருவர் ஒரு புது கீயில் அந்த எண்ணைச் சேர்க்க மறந்தாலே போதும். மறந்தாலும் கசியாத அமைப்பு இருக்கும்போது நினைவாற்றலை நம்பி ஏன் கட்ட வேண்டும்?

பொது கேஷ் வைப்பவர்கள் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அளவுக்கு வரம்பு வேண்டும், வரம்பில்லாத மேப் என்பது மெதுவாக நடக்கிற மெமரி லீக், நெடுநேரம் யாரும் தொடாததை முதலில் நீக்கும் எல்ஆர்யூ லைப்ரரி ஒன்றைப் போடுங்கள். இரண்டாவது, மதிப்பை வைப்பதற்குப் பதிலாக பிராமிஸையே (இனி வரப்போகும் மதிப்புக்கான ஆப்ஜெக்டையே) வைத்தால், ஒரே நேரத்தில் நூறு ரிக்வெஸ்ட் ஒரே கீயைக் கேட்டாலும் டேட்டாபேஸுக்கு ஒரு கேள்விதான் போகும், ஆனால் அந்த பிராமிஸ் தோற்றால் உடனே நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல்வியையே கேஷ் செய்துகொண்டிருப்பீர்கள். மூன்றாவது அதிகம் கவனிக்கப்படாதது: மெமரி கேஷ் திருப்பித் தருவது நகலை அல்ல, அதே ஆப்ஜெக்டை. யாராவது வாங்கிய பட்டியலின் மேல் நேரடியாக சார்ட் போட்டாலோ (வரிசை மாற்றினாலோ), ஒரு பயனருக்கான தள்ளுபடியை அந்த ஆப்ஜெக்டிலேயே எழுதினாலோ, அது எல்லாருக்கும் மாறிவிடும். ரெடிஸில் வைத்தால் ஒவ்வொருதடவையும் சீரியலைஸ் ஆகி (எழுத்தாக மாறி) வருவதால் இந்தப் பிரச்சினை இல்லை. மெமரியில் வைத்தால் ஃப்ரீஸ் செய்து (மாற்ற முடியாதபடி பூட்டி) வையுங்கள், அப்புறம் பல பிராசஸ்களும் ஒரே மதிப்பைப் பார்க்க வேண்டும் என்ற தேவை வந்தால் அது ரெடிஸ் போன்ற வெளி ஸ்டோருக்கான வேலை.

அடுத்து, நகலை வெளியே அனுப்புவது. எச்டிஎம்எல்லில் போகிற எதுவும் ரகசியம் அல்ல, வியூ சோர்ஸில் எல்லாம் தெரியும். டேட்டாபேஸ் வரிசையை அப்படியே கேஷில் போட்டு அப்படியே டீஹைட்ரேட் செய்தால் திரையில் பெயர் மட்டும் காட்டினாலும் பாஸ்வேர்டு ஹாஷும் உள்குறிப்புகளும் சேர்ந்தே போகும். கேஷில் ஏறுவதற்கு முன்பே, பிரவுசருக்குத் தேவையான புலங்களை மட்டும் பொறுக்கி எடுங்கள். பிராசஸ் அளவிலான பொது கேஷை ஒருபோதும் முழுதாகக் கொட்டி அனுப்பாதீர்கள், இந்தப் பக்கம் எந்தக் கீகளைப் பயன்படுத்தியதோ அவை மட்டும்.

அதை எப்படி எழுதுகிறீர்கள் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஜேசனை (டேட்டாவை எழுத்தாக எழுதும் வடிவம்) அப்படியே ஒட்டினால், டேட்டாவில் யாராவது ஒரு கருத்துப் பெட்டியில் ஸ்கிரிப்ட் டேகை மூடும் எழுத்துகளைத் தட்டியிருந்தால், பிரவுசர் அங்கேயே ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும், அதற்கப்புறம் வருவது எச்டிஎம்எல்லாக ஓடும். அசல் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டை, அதாவது வேறொருவருடைய ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓட வழி. ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை இதைத் தடுக்காது, ஏனென்றால் ஜேசனைப் பொறுத்தவரை அது சாதாரண எழுத்துதான். சின்னதைக் குறிக்கும் குறி, அதாவது டேக் தொடங்கும் அந்தக் கோணக் குறி, அதை எல்லா இடத்திலும் யூனிகோட் எஸ்கேப்பாக மாற்றிவிட வேண்டும், ரிடக்ஸ் ஆவணத்திலேயே இதற்கான ஒரு வரி ரிப்ளேஸ் இருக்கிறது. இன்னும் நல்ல வழி, ஸ்கிரிப்ட் டேகின் டைப்பை ஜேசன் என்று கொடுத்து, பிரவுசரில் அதன் உள்ளடக்கத்தை எடுத்து ஜேசன் பார்ஸ் செய்வது. அது கோடாக ஓடாது, பெரிய டேட்டாவுக்கு வேகமும் கூட. 10 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஆப்ஜெக்டுகளை லிட்டரலாக (கோடுக்குள்ளேயே நேராக) எழுதுவதைவிட ஜேசன் பார்ஸ் வேகமாக இருக்கும் என்று குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8ஐ உருவாக்கும் குழுவே 2019இல் எழுதியது. ஆனால் கோணக் குறியை மாற்றுவது இந்த முறையிலும் கட்டாயம், அதை விட்டுவிடாதீர்கள்.

ஜேசனில் தொலைந்துபோகும் விஷயங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டேட் போனால் ஸ்ட்ரிங்காக வரும். மேப்பும் செட்டும் வெறும் காலி ஆப்ஜெக்டாக வரும். அன்டிஃபைண்ட் புலங்கள் காணாமல் போகும், நாட் எ நம்பர் (NaN) மதிப்பு நல் (null) ஆகிவிடும், பிக் இன்ட் இருந்தால் எரரே எறியும். இதில் டேட்தான் அதிகம் கடிக்கிறது. சர்வரில் ரெண்டர் ஆகும்போது அது உண்மையான டேட், பிரவுசரில் ஸ்ட்ரிங், அதே காம்பொனென்ட் அங்கே ஓடும், இங்கே "கெட் டைம் என்பது ஃபங்ஷன் அல்ல" என்று விழும். டைப்ஸ்கிரிப்ட் இதைக் கண்டுபிடிக்காது, டைப்பில் டேட் என்றுதானே எழுதியிருக்கிறோம். டிவேல்யூ, சூப்பர்ஜேசன் போன்ற லைப்ரரிகள் இந்த வகைகளைக் காப்பாற்றி அனுப்பும். அவை வேண்டாம் என்றால் கேஷில் எப்போதுமே ஜேசனில் அடங்குபவை மட்டும்தான் என்று விதி வைத்துவிடுங்கள், தேதிகள் ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காகவே இருக்கட்டும், காட்டும் இடத்தில் டேட் ஆப்ஜெக்டாக மாற்றுங்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கும், பின்னாளில் பிரவுசர் ஏபிஐ வழியாக அதே டேட்டாவை எடுக்கும்போதும் வடிவம் மாறாது.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே விஷயம் எச்டிஎம்எல்லாக ஒருதடவையும் ஜேசனாக ஒருதடவையும் போகிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் பழைய பேஜஸ் முறையில் பக்கத்தின் டேட்டா 128 கிலோபைட்டைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், நல்ல அளவுகோல் அது.

இனி பிரவுசர் பக்கம். கேஷை நிரப்புவது ஹைட்ரேஷனுக்கு (சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லை பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்று இயங்க வைப்பதற்கு) முன்னால் நடந்தாக வேண்டும், எஃபெக்டுக்குள் (ரெண்டருக்குப் பிறகு ஓடும் பகுதிக்குள்) போட்டால் காலம் கடந்துவிட்டது, முதல் ரெண்டர் காலி கேஷோடு ஓடி சர்வர் அனுப்பிய எச்டிஎம்எல்லோடு பொருந்தாமல் போகும். நிரப்பியும் பிரவுசர் மறுபடி ரிக்வெஸ்ட் போடுகிறதே என்று புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, கீ பொருந்தவில்லை. சர்வரில் யுஆர்எல்லிலிருந்து எடுத்த ஐடி ஸ்ட்ரிங், பிரவுசரில் யாரோ அதை நம்பராக மாற்றிவிட்டார்கள், ஒரு பக்கம் ஸ்ட்ரிங் "5", மறுபக்கம் எண் 5, இரண்டும் வேறு கீ. அல்லது ஒரு பக்கம் பக்க எண் கொடுக்கவில்லை, மறுபக்கம் முன்னிருப்பாக 1 என்று கொடுத்திருக்கிறது. அல்லது ஃபில்டர் ஒரு பக்கம் நல், ஒரு பக்கம் அன்டிஃபைண்ட். டேன்ஸ்டாக் க்வெரி ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் கீகளின் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும், அரேயின் வரிசையைத் தொடாது. எரர் எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம், எல்லாம் வேலை செய்யும், இரண்டு மடங்கு வேலை நடக்கும், அவ்வளவுதான். அதனால்தான் மேலே கோடைப் பகிருங்கள் என்றேன்: கீயை யாரும் கையால் எழுதக் கூடாது, "தயாரிப்பு கீ" என்று ஒரு ஃபங்ஷன் இருக்கட்டும், அது உள்ளே வருவதை ஒரே வடிவத்துக்கு மாற்றிக் கீயைத் தரட்டும், சர்வரும் பிரவுசரும் அதையே அழைக்கட்டும். உங்கள் பொது ஃபோல்டரின் உண்மையான பயன் இங்கேதான்.

இரண்டாவது, வயது. டேன்ஸ்டாக் க்வெரியில் ஸ்டேல் டைம் முன்னிருப்பாக 0, அதாவது வந்த கணமே பழையது. நகல் வந்து சேர்ந்து ஏறியதும் காம்பொனென்ட் மவுன்ட் ஆகும், பழையது என்று பார்த்து உடனே மறுபடி எடுக்கும். எஸ்எஸ்ஆர் செய்கிறீர்கள் என்றால் 0க்கு மேல் ஏதாவது வையுங்கள், ஒரு நிமிடம் என்பது நல்ல தொடக்கம். சொந்தமாக கேஷ் எழுதுகிறீர்கள் என்றால் மதிப்போடு எடுத்த நேரத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். பிரவுசர் வாங்கிய நேரத்தை வைத்துக் கணக்கிட்டால், சிடிஎன்னில் (பக்கங்களை வழியிலேயே கேஷ் செய்து தரும் சர்வர்களில்) பத்து நிமிடம் தங்கிய பக்கமும் இப்போதுதான் எடுத்த புத்தம் புதியது போலத் தெரியும். அதேசமயம் சர்வர் நேரத்தை பிரவுசரின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும், டைம்ஸோன் பிரச்சினை இல்லை, ஆனால் ஒருவருடைய கணினிக் கடிகாரம் தப்பாக இருந்தால் கணக்கும் தப்பும். ஆயுள் ஒரு நிமிடம் என்கிற இடத்தில் சில விநாடிகள் பரவாயில்லை, சில விநாடிகளே ஆயுள் என்றால் இந்த முறை சரிவராது.

சிடிஎன் என்று சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். பயனருடைய நகலைத் தாங்கிய எச்டிஎம்எல் இனி அந்தப் பயனருடைய சொத்து. அதை வழியில் இருக்கும் எந்தப் பொது கேஷும் வைத்துக்கொள்ளக் கூடாது, கேஷ் கண்ட்ரோல் ஹெடரில் பிரைவேட் என்றும், முடிந்தால் நோ ஸ்டோர் என்றும் கொடுங்கள். 2015 டிசம்பர் 25 அன்று வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் கேம் கடையில் நடந்தது இதுதான், ஒரு தாக்குதலைச் சமாளிக்கப் போட்ட கேஷ் அமைப்பு தவறி லாகின் ஆனவர்களுக்கான பக்கங்களையே கேஷ் செய்து வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது, சுமார் 34,000 பேருடைய விவரங்கள் அப்படித் தெரிந்ததாக வால்வ் அறிவித்தது. ரிக்வெஸ்டுக்கு ஒரு கேஷ் என்று கோடை எவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தாலும் முன்னால் நிற்கும் சிடிஎன் ஒரு தவறான ஹெடரால் அதைப் பாழாக்கிவிடும். சிடிஎன் வேகமும் வேண்டும் என்றால் பொதுப் பகுதியை மட்டும் எச்டிஎம்எல்லில் வைத்து, பயனர் சார்ந்ததை பிரவுசர் தனியாக எடுக்கட்டும். அந்த ஒரு கூடுதல் ரிக்வெஸ்ட் மதிப்புள்ளது.

நகல் கைமாறிய பிறகு சர்வரில் டேட்டா மாறினால் பிரவுசருக்கு எப்படித் தெரியும்? தானாகத் தெரியாது. பெரும்பாலான ஆப்களுக்கு எளிய வழிகளே போதும், டேபுக்குத் திரும்பும்போது மறுபடி எடுப்பது, பயனர் ஏதாவது மாற்றியதும் அந்த மாற்றத்தின் பதிலிலேயே புதிய மதிப்பைத் திருப்பி அனுப்பி கேஷில் எழுதிவிடுவது. உடனுக்குடன் தெரிய வேண்டும் என்றால் சர்வரே பிரவுசருக்குச் செய்தி அனுப்ப உதவும் சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் அல்லது வெப்சாக்கெட். அதில் டேட்டாவை அனுப்பாமல் "இந்தக் கீ மாறிவிட்டது" என்று கீயை மட்டும் அனுப்புங்கள் என்பேன். பிரவுசர் வழக்கமான ஏபிஐ வழியாகப் போய் எடுத்துக்கொள்ளும், அனுமதிச் சோதனை ஒரே இடத்தில் இருக்கும், செய்திகள் முன்பின்னாக வந்தாலும் கெட்டுப்போக எதுவும் இல்லை. எச்டிடிபி 1.1இல் ஒரு ஹோஸ்டுக்கு பிரவுசர்கள் ஆறு கனெக்ஷன்தான் தரும், சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் டேபுக்கு ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏழாவது டேப் தொங்கி நிற்கும், எனவே எச்டிடிபி 2 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளுடைய டேபுகளுக்கு இடையில் மட்டும் சொல்ல வேண்டும் என்றால் பிராட்காஸ்ட் சேனல் போதும், சர்வர் வரை போக வேண்டாம்.

இவ்வளவையும் கையால் கட்ட வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். ஸ்வெல்ட்கிட் ஃப்ரேம்வொர்க்கில் லோட் ஃபங்ஷனுக்குத் தரப்படும் ஃபெட்ச்சைப் பயன்படுத்தினாலே சர்வரில் வந்த பதிலை அது எச்டிஎம்எல்லில் பதித்து ஹைட்ரேஷனின்போது அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. நக்ஸ்டில் யூஸ் ஃபெட்ச் இதே வேலையைச் செய்கிறது. டேன்ஸ்டாக் க்வெரி 5.40லிருந்து இன்னும் முடியாத க்வெரிகளையும் டீஹைட்ரேட் செய்து ஸ்ட்ரீமில் பின்னால் அனுப்ப முடிகிறது, எனவே மெதுவான ஒரு டேட்டாவுக்காக முழுப் பக்கமும் காத்திருக்க வேண்டாம். சில இடங்களில் நகலே தேவைப்படாது: சர்வர் காம்பொனென்டில் மட்டும் காட்டப்படும், பிரவுசரில் யாரும் தொடாத டேட்டாவை கிளையன்ட் கேஷில் ஏன் ஏற்ற வேண்டும்? அதேபோல ஈடேக் (பதிலின் பதிப்பைக் காட்டும் அடையாளம்) ஒழுங்காக வைத்த ஏபிஐ என்றால் பிரவுசர் மறுபடி கேட்டாலும் டேட்டா மாறாதவரை 304 (மாறவில்லை) என்று பதில் வரும், போக்குவரத்து நேரம் மட்டும்தான் செலவு. எஸ்எஸ்ஆரே இல்லாத ஆப்புக்கு அதுவே தாராளம்.

நீங்களே எழுதினாலும் லைப்ரரி போட்டாலும் ஒரு டெஸ்ட் மட்டும் கட்டாயம் எழுதிவிடுங்கள். இரண்டு வெவ்வேறு பயனர்களின் குக்கியோடு ஒரே பக்கத்துக்கு ஒரே நேரத்தில் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள், டேட்டா எடுக்கும் ஃபங்ஷனில் வேண்டுமென்றே சின்னத் தாமதம் வையுங்கள், முதல் ஆளுக்கு அதிகமாக, இரண்டாவது ஆளுக்குக் குறைவாக. வந்த இரண்டு எச்டிஎம்எல்லிலும், உள்ளே பதித்த ஜேசன் உட்பட, மற்றவருடைய பெயரோ ஐடியோ எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் மாட்யூலிலேயே இதை ஓட்டிப் பாருங்கள், விழும். மேப்பை ஃபங்ஷனுக்குள் கொண்டுபோய் ரிக்வெஸ்டுக்கு ஒன்றாக ஆக்கிய பிறகு மறுபடி ஓட்டுங்கள். அது பாஸான பிறகு டீஹைட்ரேட் பக்கம் போகலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.